ஒரு கரண்டி

போன வாரம் டாக்டர் ஒரு காகிதத்தில் நாக்கை வரைந்து, அதில் பாதிக்கு மேல் பேனாவால் அடித்துக் காட்டினார். கதையை அந்த இடத்தில் விட்டிருந்தேன். படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை என்று என்னைத் திட்டியவர்கள் இருப்பீர்கள். திட்டுங்கள். எழுதும்போது எனக்கும் இறங்கவில்லை.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் கதையில் மாஸ்டர் என்றால் ஒருவர்தான். சின்ன ஊரில், பஸ் டிப்போவுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்து, டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் ஆக்கிப் போட்டே தலை நரைத்தவர். பெற்ற பிள்ளைகளைத் தவிர ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் கட்டின மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த மாஸ்டருக்கு நாக்கில் புற்று. நாளை விடியற்காலை ஆபரேஷன். அதற்குப் பிறகு வயிற்றில் குழாய் வைத்துத்தான் ஆகாரம். பேச்சும் அநேகமாகப் போய்விடும். ருசியைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆக, வாயால் சாப்பிட அவருக்கு மிச்சம் இருப்பது இன்று ஒரு நாள். அதுவும் முழு நாள் கிடையாது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும். தாமதமானால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில் ஒரு லாட்ஜ். இரண்டு கட்டில், ஒரு ஃபேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். காலையில் பெரியவள் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வந்து, டம்ளரில் ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

பெரியவளுக்கு அந்த டிப்போவிலேயே டிக்கெட் ஜன்னலில் வேலை. "எங்க? எத்தனை? சில்லறை?" என்று மூன்றே சொல்லில் உலகத்தை நடத்திப் பழகியவள். அம்மா வீட்டில் காலில் கட்டோடு கிடக்க, அப்பாவை அழைத்துக்கொண்டு இவள்தான் இந்தப் பெரிய நகரத்துக்கு வந்திருக்கிறாள்.

மாஸ்டர் டம்ளரை வாங்கினார். நாக்கில் புண் இல்லாத பக்கமாகச் சாய்த்து ஒரு வாய் உறிஞ்சினார்.

"சக்கரை சரி. குடி" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அவளும் எதையோ நினைத்துக்கொண்டே மொத்தத்தையும் குடித்துவிட்டாள். காலி டம்ளரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"ஐயோ, இது உங்களுக்கு வாங்கினதுப்பா!"

"விடும்மா. அதான் ருசி பாத்தாச்சே."

அந்த வீட்டு வழக்கம் அது. சட்டி இறங்கியதும் மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பார். "உப்பு சரி, சாப்பிடுங்க" என்பார். அவர் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. சொல்லிவிட்டால் யாரும் காத்திருக்கமாட்டார்கள். அவர் எப்போது சாப்பிடுவார் என்று பிள்ளைகளைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். கடையைச் சாத்திவிட்டு, அடுப்படியில் நின்றபடியே, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி விழுங்குவார். அவர் ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்ததாகப் பெரியவளுக்கு நினைவே இல்லை.

"அப்பா, இன்னைக்கு என்ன சாப்பிடணும்னு ஆசையா இருக்கு? எதுவானாலும் சொல்லுங்க."

மாஸ்டர் வெகுநேரம் யோசித்தார். பேச்சு ஏற்கெனவே தடித்துப்போயிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் சுளிக்க வேண்டியிருந்தது.

"எதுவானாலும் சரி. நான் உக்காரணும். வேற யாரோ ஆக்கினதை வேற யாராவது எனக்குப் போடணும். சூடா."

"அவ்வளவுதானா?"

"மெத்துன்னு இருந்தா நல்லது. கடிக்க முடியல."

இதுகூடக் கிடைக்காதா இவ்வளவு பெரிய நகரத்தில்? வீதிக்கு வீதி சாப்பாட்டுக் கடை இருக்கிற ஊரில்? அப்படித்தான் பெரியவளும் நினைத்தாள், பாவம்.

சின்னவன் வந்து சேர்ந்தான். மூன்று வருஷமாக இந்த நகரத்தில் இருப்பவன். சாப்பாட்டுக் கம்பெனியில் மேனேஜர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். கண்ணாடி விளக்கு தொங்கும் ஹோட்டல்கள், பூப்போல அடுக்கிய தட்டுகள் என்று வாரம் தவறாமல் போனில் படம் அனுப்புவான். அம்மா அதையெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டி, "எம்பிள்ளை சாப்பிடற இடத்தைப் பாருங்க" என்று பீற்றிக்கொள்வாள்.

"அப்பா, காலையில ஒண்ணும் சாப்பிடலையே? நல்லதாப் போச்சு. வயித்தைக் காலியா வச்சுக்குங்க. நான் கூட்டிட்டுப் போற இடத்துல சாப்பிட்டா ஆயுசுக்கும் மறக்கமாட்டீங்க."

ஆயுசுக்கும் என்று சொன்னது வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கே கேட்டது. சட்டென்று திரும்பி, கழற்றாத செருப்பைக் கழற்றப் போனான்.

ஆட்டோவில் ஏறினார்கள். நெரிசல் என்றால் அப்படி ஒரு நெரிசல். ஒரு சிக்னலைத் தாண்டுவதற்குள் மாஸ்டர் இரண்டு தடவை கண்ணயர்ந்துவிட்டார். நகரத்தின் மறுகோடியில், முழுக்கக் கண்ணாடியாலான ஒரு கட்டடத்தின் முன்னால் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஹோட்டல் மேல் மாடியில். சின்னவன் அனுப்பிய படங்களில் பெரியவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்த இடம்.

வாசலில் நின்ற காவலாளி சின்னவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"என்ன தம்பி, இன்னைக்குச் சட்டை மாத்திட்டே? பார்சல் எடுக்கிற வழி பின்பக்கம்னு தெரியும்ல? முன்னாடி வந்து நின்னா என்னைத் திட்டுவாங்கப்பா."

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லண்ணே... இன்னைக்குச் சாப்பிட வந்திருக்கோம். எங்க அப்பா."

காவலாளி மாஸ்டரைப் பார்த்தான். அவர் கழுத்தில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தான். நல்ல மனுஷன்தான், குரலைத் தணித்துக்கொண்டான்.

"முன்னாடியே சொல்லி வைக்கணுமேப்பா. அடுத்த வாரம் வரைக்கும் மேஜை கிடையாது. நான் உள்ள விட்டாலும் மேல விடமாட்டாங்க."

அடுத்த வாரமாம்!

நடைபாதை ஓரமாக வந்து நின்றார்கள். பெரியவள் வெடித்தாள்.

"மேனேஜரா நீ?"

"அக்கா, இங்க வேணாம்."

"பார்சல் தூக்கறவனாடா நீ? மூணு வருஷமா?"

"வண்டியை நான்தானே மேனேஜ் பண்றேன்" என்று இளித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் போட்டோ எல்லாம்?"

"அவங்க போன்ல போடற விளம்பரம். அதையே அனுப்பினேன்."

"இதுல ஏதாவது ஒரு கடையிலயாவது நீ உள்ள போய்ச் சாப்பிட்டிருக்கியா?"

சின்னவன் தரையைப் பார்த்தான். "எந்தக் கடையில பார்சல் சீக்கிரம் தருவாங்கன்னு கேளு, சொல்றேன். எந்தக் கடையில குடிக்கத் தண்ணி தருவாங்கன்னு கேளு. ருசி தெரியாதுக்கா. பைக்கு சீல் வச்சுத்தான் கையில குடுப்பாங்க."

இன்றைக்குப் பார்த்தா இந்தக் குட்டு உடைய வேண்டும்! போனில் அவன் அளந்ததை நம்பித்தானே அரை நாளைத் தெருவில் கரைத்தார்கள். பெரியவளுக்கு அவனை அங்கேயே நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. அப்பா பக்கத்தில் நின்றதால் விட்டாள்.

மாஸ்டர் கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"நீ என்னடா சாப்பிடறே?"

"நான் என்ன... பன், வாழைப்பழம். வண்டியில உக்காந்தே முடிச்சுக்குவேன்."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் அவர் அவனைப் பார்த்த பார்வை பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் மற்றவர்கள் வயிற்றை நினைக்க ஆரம்பித்துவிட்டாரே மனுஷன் என்று வயிறெரிந்தாள்.

இனி இவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று பெரியவள் தன் போனை எடுத்தாள். யார் யாரோ நட்சத்திரம் போட்டுப் புகழ்ந்திருந்த கடைகளில், கிட்டத்தில் இருந்த ஒன்றைப் பிடித்தாள். அங்கே போனால் வாசலில் கூட்டம். டோக்கன் கொடுத்து உட்காரவைத்தார்கள். நம்பரைக் கூப்பிடுவது காதில் விழாத அளவுக்குப் பாட்டு அலறியது. பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பாடு வந்ததும் ஆறும்வரை படம் பிடித்தார்கள்.

ஒருவழியாக இடம் கிடைத்தது. "காரமே இருக்கக் கூடாது. மெத்துன்னு, குழைவா ஏதாவது குடுங்க" என்று பெரியவள் இரண்டு தடவை சொன்னாள். பரிமாற வந்த பெண்ணும் இரண்டு தடவை தலையாட்டினாள்.

வந்தது என்னவோ மெத்தென்றுதான் வந்தது. நன்றாகப் பிசைந்த உருளைக்கிழங்கு, நடுவில் குழி, குழியில் சிவப்பாக ஒரு சாறு. அழகாக இருந்தது. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார்.

அந்தச் சிவப்பு முழுக்க மிளகாயும் வினிகரும்.

புண்ணில் பட்டால் எப்படி இருக்கும்? மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துப்பவும் இல்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு எப்படியோ விழுங்கினார். சின்னவன் தண்ணீருக்கு ஓடினான். பெரியவள் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தக் கத்த, மாஸ்டர் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"கத்தாதே. உள்ள எத்தனை அடுப்பு எரியுதோ. ஒருத்தன் மறந்திருப்பான்."

வெளியே வரும்போது வாசலில் ஒருவன் சிரித்த முகத்தோடு போனை நீட்டினான். "எப்படி இருந்துச்சு சார்? அஞ்சு நட்சத்திரம் போடுங்க சார்."

"நல்லா இருந்துச்சு தம்பி" என்றார் மாஸ்டர். சமையல்காரன் இன்னொரு சமையல்காரனைக் காட்டிக்கொடுக்கமாட்டானாம். நன்றாக இருக்கிறது இந்த நியாயம்!

உள்ளே பிள்ளைகளின் தட்டுகளும் அப்படியே கிடந்தன. அப்பா துடித்ததைப் பார்த்த பிறகு யாருக்குத் தொண்டையில் இறங்கும்?

அம்மாவின் போன் வந்தது. "மனுஷன் வயிறாரச் சாப்பிட்டாரா? என்ன சாப்பிட்டார்? நல்லா உக்காந்து சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்ம்மா" என்றாள் பெரியவள். "ரொம்ப நல்ல இடம்."

"தம்பி கூட்டிட்டுப் போனானா?"

"ஆமாம்மா. அவன்தான்."

சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனான்.

ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. லாட்ஜில் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டியதுதான் என்ற நிலை. இறங்கி நடந்தபோது மாஸ்டர் நின்றுவிட்டார். மூக்கை உயர்த்தினார்.

"என்னப்பா? தலை சுத்துதா?"

"கோழி எலும்பு. காலையிலிருந்து சின்னத் தீயில கொதிச்சிருக்கு."

லாட்ஜுக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் ஒரு கடை. பெயர்ப் பலகை கிடையாது, நாலே மேஜை. எந்தப் போனிலும் இல்லாத கடை. காலையிலிருந்து நகரத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார்களே, இவர்கள் படுத்த கட்டிலுக்குப் பின்சுவரில் இருந்திருக்கிறது இது! பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சு போச்சும்மா. எல்லாம் காலி."

"எதுவுமே இல்லையாம்மா? எங்க அப்பாவுக்கு. நாளைக்கு அவருக்கு நாக்குல ஆபரேஷன். நாளையிலிருந்து அவரால..."

கடைக்கார அம்மா மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடியில் இருந்த சோற்றை வழித்து, குழையப் பிசைந்து, கோழிச் சாற்றின் கடைசிச் சொட்டுவரை ஊற்றி, சுடவைத்து, ஒரு பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஒரு கரண்டி, மூன்று சின்னக் கிண்ணம்.

"இவ்வளவுதான் இருக்கு. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவி பறந்தது. மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ ஆக்கியது, வேறு ஒருத்தி கொண்டுவந்து வைத்தது, சூடாக, மெத்தென்று. கேட்டது எல்லாம் கேட்டபடியே அவர் முன்னால் இருந்தது.

அவர் கரண்டியை எடுத்தார். மேலாக ஒரு கரண்டி எடுத்து, ஊதி, நல்ல பக்கமாக வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. கண் திறந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"உப்பு சரி" என்றார். "சாப்பிடுங்க."

சொன்ன வேகத்தில் அவர் கை தானாகவே சின்னவன் கிண்ணத்தில் ஊற்றியது. பெரியவள் கிண்ணத்தில் ஊற்றியது. அவர்களும் குனிந்தார்கள்.

நீங்கள் அவர்களைத் திட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள். விடிந்ததிலிருந்து டீயும் பச்சைத் தண்ணீரும் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. அப்பா வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்தால் கை தானாகக் கிண்ணத்துக்குப் போகும் என்று வளர்ந்த பிள்ளைகள். முதல் வாய் போனதும் சின்னவன் "அக்கா!" என்றான். "பேசாம சாப்பிடு" என்றாள். அவன் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான். "டேய், எனக்கு வை" என்று அவள் கரண்டியைப் பிடுங்கினாள். சின்ன வயதில் கரண்டிக்கு அடித்துக்கொண்டதை அவன் சொன்னான். மத்தியானம் காவலாளி மாட்டிவிட்டபோது தன் முகம் போன போக்கை நடித்துக் காட்டினான். பெரியவளுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. மாஸ்டரும் சிரித்தார். அன்று அவர்கள் மூன்று பேரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கரண்டி அடியில் சுரண்டும் சத்தம் கேட்டது.

பெரியவள் நிமிர்ந்தாள். பெரிய கிண்ணம் காலி. தன் கிண்ணம் காலி. தம்பி கிண்ணம் காலி. அப்பாவுக்கு முன்னால் இருந்த கிண்ணம் துடைத்து வைத்தபடியே, ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல் இருந்தது.

"அப்பா..."

"நல்லா இருந்துச்சா?" என்றார் மாஸ்டர்.

சின்னவன் எழுந்து ஓடினான். கடைக்கார அம்மா கவிழ்த்துவைத்த அண்டாவைக் காட்டினாள். "தேய்ச்சுட்டேனேப்பா. அவர் சாப்பிடலையா?"

"அக்கா, நாம என்னக்கா பண்ணினோம்?" என்றான் சின்னவன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எங்கே இருக்கிறீர்கள், படுக்கைக்கு இன்னொருத்தர் காத்திருக்கிறார் என்றார்கள்.

வார்டில் நர்ஸ் நல்ல சுறுசுறுப்பு. ரத்த அழுத்தம் பார்த்தாள், எடை பார்த்தாள், எல்லாரிடமும் கேட்கிறதைக் கேட்டாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு. கோழிச் சாறு."

"எவ்வளவு?"

பெரியவள் சுவரைப் பார்த்தாள். மாஸ்டருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் எதையும் மறைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா?

"ஒரு கரண்டி."

"ஒரு கரண்டியா? முழு நாளைக்குமா?" நர்ஸ் பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா நீங்க, கூட இருந்து பாத்துக்கக் கூடாதா? நாளையிலிருந்து இவருக்கு எப்படி இருக்கும்னு சொல்லியிருப்பாங்களே!"

பெரியவள் என்ன சொல்வாள்? உங்கள் வாயாக இருந்தால் நீங்கள்தான் என்ன சொல்வீர்கள்?

சின்னவன் முன்னால் வந்தான். "சிஸ்டர், இப்பக் கொண்டுவந்தா குடுக்கலாமா? சாறு மட்டும். ரெண்டு வாய்."

நர்ஸ் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள வந்தாகணும். அப்புறம் தண்ணிகூடக் கிடையாது."

அவன் அப்போதே படியில் பாய்ந்துவிட்டான். இந்த நகரத்தில் அவனுக்குத் தெரிந்தது பின்வாசல்கள்தான். எந்தப் பின்வாசலைத் தட்டப் போகிறான், யார் இவனுக்குத் திறப்பார்கள் என்று அவனுக்கே தெரியாது. சற்று நேரம் கழித்துப் பெரியவள் அவனுக்குப் போன் போட்டாள். அது அவள் கைப்பைக்குள்ளேயே அடித்தது. கடையில் சாப்பிடும்போது கொடுத்து வைத்தது.

மாஸ்டருக்கு ஆஸ்பத்திரிச் சட்டை மாட்டிவிட்டார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பெரியவள் அவர் காலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இதுவரை அடக்கிவைத்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா எங்களுக்கு ஊத்தினீங்க? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீங்க சாப்பிடக் கூடாதா? எங்களையாவது நாலு சாத்து சாத்தி நிறுத்தக் கூடாதா?"

மாஸ்டர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், அது யாருடைய கையோ என்பதுபோல. "ஞாபகமே இல்லம்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆசை அவருக்கும் இருந்ததே.

வராந்தாக் கோடியில் லிஃப்ட் திறந்தது. பெரியவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் இறங்கி, முதல் கட்டிலருகே நின்று பேச ஆரம்பித்தார்கள். இவர் கட்டிலுக்கு வர இன்னும் நாலைந்து கட்டில் இருந்தது. படியில் சின்னவனின் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

மாஸ்டர் அவள் முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்தார். ஏதோ சொல்ல வேண்டும்போல வாயைத் திறந்தார். நாளை வராத குரல் அது, ஒரு சொல் விடக் கூடாது என்று அவள் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அவன் கொண்டுவந்தான்னா நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுடுங்க. ராத்திரி பூரா உக்காந்திருக்கணும் பாரு."